கிராண்ட் தெப்ட் ஆட்டோ 5: புதிய பதிப்பு உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரத்தில் இரண்டு கேள்விகள் கட்டாயம் எழும். "தமிழில் டைப் செய்வது எப்படி?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். "இதில் ஜி.டி.ஏ. ஓடுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் "ஓடும் சார்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பணம் கொடுத்த பிறகு, கேம் தடுக்கித் தடுக்கி நகர்வதைப் பார்த்து வருந்துபவர்கள் நிறையப் பேர்.

நான் சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் புரோகிராம் எழுதுபவன். இந்த கேமின் புதிய பதிப்பை ஒரு மாதமாக விளையாடிப் பார்த்தேன். அது எப்படி இருக்கிறது, அதற்கு என்ன தேவை, உங்களிடம் இருப்பதை எப்படிச் சோதிப்பது, வீட்டில் யார் விளையாடலாம் என்று வரிசையாகப் பார்ப்போம். இதைப் படித்து முடித்தால், வேறு எந்த கேமின் தேவைப் பட்டியலையும் நீங்களே படித்து முடிவெடுக்கலாம்.

எந்த கேம் இது?

கிராண்ட் தெப்ட் ஆட்டோ வரிசையின் முதல் கேம் 1997ல் வந்தது. வரிசையின் 5 ஆம் கேமை ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் உள்ள ராக்ஸ்டார் நார்த் உருவாக்கியது. 2013 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கும், 2015 ஏப்ரலில் கம்ப்யூட்டருக்கும் வெளியானது. உலகெங்கும் 20 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கிறது. கம்ப்யூட்டருக்கான மேம்படுத்தப்பட்ட பதிப்பு, 'என்ஹான்ஸ்டு' என்ற பெயரில், 2025 மார்ச் 4ல் வந்தது. பழைய கம்ப்யூட்டர் பதிப்பை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு இது இலவசமாகவே தரப்பட்டது. பழைய பதிப்பு 'லெகஸி' என்ற பெயரில் தொடர்கிறது.

திறந்த உலகம் என்றால் என்ன?

சாதாரண கேம்களில் ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம் வரும். நடுவில் "லோடிங்" என்று காட்டிவிட்டு, அந்தக் கட்டத்திற்கான பைல்களை மெமரிக்குக் கொண்டு வருவார்கள். திறந்த உலக கேமில் இந்தக் கட்டங்கள் இல்லை. ஒரு முழு நகரமும் அதைச் சுற்றிய மலை, பாலைவனம், கடல் எல்லாமும் உங்களுக்குத் திறந்தே இருக்கும். இந்தக் கதை நடக்கும் லாஸ் சாண்டோஸ் நகரம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டது. கதையைத் தொடராமல் காரை எடுத்துக்கொண்டு சிலியாட் மலை வரை போய் வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இவ்வளவு பெரிய உலகம் முழுவதையும் ஒரே நேரத்தில் ராம் மெமரியில் வைக்க முடியாது. எனவே நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் மெமரியில் இருக்கும். நீங்கள் நகர நகர, முன்னால் வரும் தெரு டிஸ்க்கிலிருந்து எடுக்கப்படும். பின்னால் விட்டு வந்த தெரு மெமரியிலிருந்து நீக்கப்படும். தூரத்தில் தெரியும் கட்டடங்களுக்கு எளிமையான வடிவம் ஒன்று வைத்திருப்பார்கள். நெருங்கும்போது அதை எடுத்துவிட்டு விரிவான வடிவத்தை மாற்றி வைப்பார்கள். 2013ல் இது ஓடிய பிளேஸ்டேஷன் 3ல் இருந்த மெமரி, கிராபிக்ஸுக்கானதையும் சேர்த்து மொத்தமே 512 எம்பிதான். அதற்குள் ஒரு நகரத்தை ஓட்டிக் காட்டியது பெரிய சாதனை என்றே சொல்வேன்.

விளையாடிப் பார்த்ததில்

கதை பனி மூடிய ஒரு சிற்றூரில் வங்கிக் கொள்ளையுடன் தொடங்குகிறது. அடுத்து 9 ஆண்டுகள் தாண்டி லாஸ் சாண்டோஸுக்கு வருகிறது. மைக்கேல், ட்ரெவர், பிராங்க்ளின் என மூன்று பேர் கதையின் நாயகர்கள். மூவருமே குற்றவாளிகள். மூவரில் யாராக வேண்டுமானாலும் மாறி மாறி விளையாடலாம்.

ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்து வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் காமிரா மேலே மேலே எழும்பி, சாட்டிலைட் படம் போல நகரைக் காட்டி, வேறு ஒரு மூலையில் இறங்கும். பார்க்க அழகாக இருக்கும் இந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு வேலை நடக்கிறது. மேலே இருந்து பார்க்கும்போது விரிவான வடிவங்கள் தேவையில்லை. அந்த நொடிகளில் புதிய இடத்திற்கான பைல்கள் டிஸ்க்கிலிருந்து வந்து சேர்கின்றன. "லோடிங்" என்று எழுதிக் காட்டாமல் ஒரு வானக் காட்சியைக் காட்டிவிட்டார்கள்.

புதிய பதிப்பில் முதலில் கண்ணில் படுவது வெளிச்சம். ரே டிரேசிங் என்ற முறையில், ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்பதைக் கணக்கிட்டு நிழலும் பிரதிபலிப்பும் வரையப்படுகின்றன. மழை பெய்த இரவில் ஈரமான சாலையில் கடைப் பலகைகளின் வண்ணம் நீண்டு தெரிவதைப் பார்த்துக் காரை நிறுத்திவிட்டேன். அதே சமயம் இது 2013ன் கேம் என்பதும் தெரிகிறது. மனிதர்களின் முகங்களும் உடைகளும் பழையவையே. கதையும் பணிகளும் மாறவில்லை. பழைய பதிப்பை ஏற்கெனவே முடித்தவர்களுக்கு இதில் புதிய கதை எதுவும் இல்லை.

கீபோர்டில் டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கு கீகள் முன், இடம், பின், வலம் என நகர்த்தும். எப் கீ வண்டியில் ஏறவும் இறங்கவும் பயன்படும். பார்வையைத் திருப்புவது மவுஸ். புதியவர்களுக்கு முதல் நாள் கையும் கண்ணும் ஒத்துழைக்காது. இரண்டு மூன்று நாட்களில் பழகிவிடும்.

மூன்று பட்டியல்கள் சொல்லும் பாடம்

எந்த கேமுக்கும் "குறைந்தபட்சத் தேவை" என்று ஒரு பட்டியல் தருவார்கள். இந்த வரிசையில் மூன்று பட்டியல்களைப் பத்துப் பத்து ஆண்டு இடைவெளியில் வைத்துப் பாருங்கள்.

2005 (சான் ஆண்ட்ரியாஸ்): ராம் 256 எம்பி, கிராபிக்ஸ் மெமரி 64 எம்பி, டிஸ்க்கில் இடம் 3.6 ஜிபி.

2015 (ஜி.டி.ஏ. 5, முதல் கம்ப்யூட்டர் பதிப்பு): ராம் 4 ஜிபி; கிராபிக்ஸ் மெமரி 1 ஜிபி; டிஸ்க்கில் இடம் 65 ஜிபி.

2025 (ஜி.டி.ஏ. 5 என்ஹான்ஸ்டு): ராம் 8 ஜிபி; கிராபிக்ஸ் மெமரி 4 ஜிபி; டிஸ்க்கில் இடம் 105 ஜிபி, அதுவும் எஸ்.எஸ்.டி.யாக இருக்க வேண்டும்.

முதல் பத்து ஆண்டுகளில் ராம் தேவை 16 மடங்கானது. அடுத்த பத்து ஆண்டுகளில் 2 மடங்கு மட்டுமே. டிஸ்க் இடம் முதலில் 18 மடங்கு. பிறகு இரண்டு மடங்கு கூட இல்லை. ஆனால் கிராபிக்ஸ் மெமரி இரண்டாவது பத்தாண்டிலும் 4 மடங்கு உயர்ந்திருக்கிறது. டிஸ்க்கின் அளவை விட அதன் வகை முக்கியமாகிவிட்டது. கடையில் "ராம் 16 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 1 டெராபைட்" என்ற எண்களைப் பெரிதாகக் காட்டினாலும், இந்த கேமுக்கு நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: கிராபிக்ஸ் கார்ட் தனியாக இருக்கிறதா? டிஸ்க் எஸ்.எஸ்.டி.யா?

ஏன் எஸ்.எஸ்.டி.?

பழைய ஹார்ட் டிஸ்க்கினுள் ஒரு தட்டு சுழல்கிறது. நிமிடத்திற்கு 7,200 சுற்றுகள் என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. படிக்கும் முனை வெவ்வேறு இடங்களுக்குப் போய் வர வேண்டியிருப்பதால், சிதறிக் கிடக்கும் சிறு பைல்களை எடுக்கும்போது நொடிக்கு நூறு இடங்களைத் தொடுவதே அதற்குப் பெரிய வேலை. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. நொடிக்குப் பல ஆயிரம் இடங்களைத் தொடும்.

இப்போது கேமில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர். ஒவ்வொரு நொடியும் 42 மீட்டர் புதிய தெரு டிஸ்க்கிலிருந்து வந்தாக வேண்டும். வராவிட்டால் கட்டடங்கள் திடீரென முளைக்கும், அல்லது படம் ஒரு கணம் உறைந்து நிற்கும்.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது?

எந்த சாப்ட்வேரும் வாங்காமல் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

1. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

2. மெமரி என்பதில் கிளிக் செய்தால் வலது மேல் மூலையில் மொத்த ராம் அளவு தெரியும். கீழே எத்தனை ஸ்லாட்களில் கார்ட் இருக்கிறது என்றும் காட்டும். இரண்டில் ஒன்று காலியாக இருந்தால், அதே வேகமுள்ள இன்னொரு கார்டைப் போடுவது பலன் தரும்.

3. டிஸ்க் 0 என்பதன் கீழ் எஸ்.எஸ்.டி. அல்லது எச்.டி.டி. என்று எழுதியிருக்கும். இரண்டு டிஸ்க் இருந்தால் கேமை எஸ்.எஸ்.டி.யில்தான் பதிய வேண்டும்.

4. ஜி.பி.யு. என்பதில் கிளிக் செய்து 'டெடிகேட்டட்' மெமரி எவ்வளவு என்று பாருங்கள். 'ஷேர்டு' என்று காட்டும் அளவைக் கண்டு மகிழ வேண்டாம். அது உங்கள் ராமிலிருந்து கடன் வாங்குவது. இன்டெல் யு.எச்.டி. என்ற பெயர் மட்டும் இருந்தால் உங்களிடம் தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை என்று பொருள்.

புதிய பதிப்புக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லப்படுபவை இன்டெல் கோர் ஐ7-4770 பிராசசர், என்விடியா ஜி.டி.எக்ஸ். 1630 அல்லது ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6400 கார்ட், விண்டோஸ் 10. பரிந்துரைக்கப்படுபவை கோர் ஐ5-9600கே அல்லது ரைசன் 5 3600, 16 ஜிபி ராம், ஆர்.டி.எக்ஸ். 3060 கார்ட்.

தனி கார்ட் வாங்கிப் போடுவதாக இருந்தால் கார்டின் விலையோடு கணக்கு முடியாது. கேபினெட்டில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட் என்று பாருங்கள். ஆர்.டி.எக்ஸ். 3060 தனியாகவே 170 வாட் வரை இழுக்கும். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். மின்சாரம் போகும் கணத்தில் நீங்கள் கேமில் இருந்தால் சிஸ்டம் அப்படியே அணைந்து போகலாம்.

டவுன்லோட் கணக்கு

105 ஜிபி என்பது எவ்வளவு? 100 எம்பிபிஎஸ் இணைப்பில் முழு வேகம் கிடைத்தால் 2 மணி 20 நிமிடம். 40 எம்பிபிஎஸ் என்றால் கிட்டத்தட்ட 6 மணி நேரம். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் மொபைல் டேட்டாவை நம்பினால் சரியாக 70 நாட்கள்! எனவே உங்கள் பிராட்பேண்ட் திட்டத்தில் மாதத்திற்கு எத்தனை ஜிபி வரை வேகம் குறையாது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டவுன்லோடை இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். இரவில் ஓட விடலாம்.

ஸ்டீம் தளத்தில் வாங்குபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே வாங்கியதும் கதையில் மூழ்கிவிடாமல், முதல் ஒரு மணி நேரத்தை உங்கள் கம்ப்யூட்டர் தாங்குகிறதா என்று பார்ப்பதற்கே ஒதுக்குங்கள்.

எந்த செட்டிங்கைக் குறைக்கலாம்?

திரையில் படம் நொடிக்கு 60 முறை மாறினால் கண்ணுக்கு வழுக்கிச் செல்வது போலத் தெரியும். அதாவது ஒரு படத்தை வரைய கார்டுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. நொடிக்கு 30 என்றால் 33 மில்லி விநாடி. அதுவும் விளையாடக் கூடியதே. நேரம் போதாதபோது வேலையைக் குறைக்க வேண்டும்.

கிராபிக்ஸ் செட்டிங்ஸ் பக்கத்தில் நீங்கள் தேர்வு செய்வதற்கு எவ்வளவு கிராபிக்ஸ் மெமரி ஆகும் என்று ஒரு கோடு காட்டும். அது எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் ரே டிரேசிங்கை நிறுத்துங்கள். அடுத்து புல்லின் தரம். நகரைத் தாண்டி மலைப்பக்கம் போனதும் வேகம் குறைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிறகு நிழலின் தரம். டெக்ஸ்சர் தரத்தைக் கடைசியாகக் குறையுங்கள். அதைக் குறைத்தால் நகரமே மங்கிவிடும். டி.எல்.எஸ்.எஸ். அல்லது எப்.எஸ்.ஆர். என்ற வசதியை இயக்கினால் கார்ட் சிறிய அளவில் படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும். பழைய கார்ட் உள்ளவர்களுக்கு இது நல்ல கை கொடுக்கும்.

எல்லாத் தாமதத்திற்கும் ஹார்ட்வேர் காரணமல்ல

இந்த கேமின் ஆன்லைன் பகுதி திறக்கப் பல நிமிடங்கள் ஆகிறது என்று பல ஆண்டுகளாகப் புகார் இருந்தது. புதிய பிராசசர், புதிய டிஸ்க் என்று மாற்றிப் பார்த்தவர்களுக்கும் தீரவில்லை. 2021ல் வெளியில் இருந்த ஒரு புரோகிராமர், நிறுவனத்தின் மூல நிரல் கையில் இல்லாமலே காரணத்தைக் கண்டுபிடித்தார். கடையில் விற்கும் பொருட்களின் பட்டியலாக 10 எம்பி அளவில் ஒரு பைல் வருகிறது. அதில் சுமார் 63,000 பொருட்கள். ஒவ்வொரு வார்த்தையைப் படிக்கும்போதும் மீதியுள்ள பைலின் நீளம் முழுவதும் மறுபடி மறுபடி எண்ணப்பட்டது. ஒவ்வொரு பொருளைச் சேர்க்கும்போதும் "இது ஏற்கெனவே இருக்கிறதா?" என்று முன்பு சேர்த்த எல்லாவற்றுடனும் ஒப்பிடப்பட்டது. கணக்குப் போட்டால் சுமார் 198 கோடி ஒப்பீடுகள்!

அவர் அதைத் திருத்தியதும் அவருடைய கம்ப்யூட்டரில் 6 நிமிடக் காத்திருப்பு 2 நிமிடத்திற்கும் கீழே வந்தது. ராக்ஸ்டார் அவருக்கு 10,000 டாலர் பரிசளித்து, 2021 மார்ச்சில் அந்தத் திருத்தத்தை அனைவருக்கும் வெளியிட்டது. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். கேம் மெதுவாக இருந்தால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு எது 100 சதவீதத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். ராம் நிரம்பாமல் இருக்கும்போது ராம் வாங்கிப் போட்டால் பலன் இருக்காது.

இலவசமாகக் கிடைக்கும் காப்பி

"பென் டிரைவில் தருகிறேன், காசு வேண்டாம்" என்று நண்பர் யாராவது சொல்வார். 2021 ஜூனில் அவாஸ்ட் ஆன்டிவைரஸ் நிறுவனம் கிராக்கனோஷ் என்ற புரோகிராமைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பூட்டு உடைக்கப்பட்ட கேம்களுக்குள் அது ஒளிந்திருந்தது, அவற்றில் ஜி.டி.ஏ. 5 ஒன்று. உள்ளே நுழைந்ததும் கம்ப்யூட்டரை சேப் மோடில் இயக்கி, ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு, உங்கள் பிராசசரில் டிஜிட்டல் நாணயம் எடுக்கத் தொடங்கும். உலகெங்கும் 2 லட்சத்து 22 ஆயிரம் கம்ப்யூட்டர்களில் அது இருந்ததாகவும், அதை எழுதியவர்கள் 20 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்ததாகவும் அறிக்கை கூறியது. மின்கட்டணம் நீங்கள் கட்ட, வருமானம் அவர்களுக்கு. ஆன்டிவைரஸ் போன பிறகு அதே கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

யார் விளையாடலாம்?

இதைப் பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டும். சினிமாவுக்கு 'ஏ' சான்றிதழ் போல கேம்களுக்கும் வயது வரம்பு உண்டு. இந்த கேமுக்கு அமெரிக்கக் குழு 17 வயது என்றும், ஐரோப்பியக் குழு 18 வயது என்றும் குறித்திருக்கின்றன. காரணம் இருக்கிறது. கொலை, போதைப்பொருள், ஆபாசம், கெட்ட வார்த்தைகள் எல்லாம் உண்டு. ஒரு கட்டத்தில் பிடிபட்ட மனிதரைச் சித்திரவதை செய்ய, விளையாடுபவரே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2013ல் பலத்த எதிர்ப்பைச் சந்தித்த பகுதி இது. வயது வந்த எனக்கே அதை முடிக்கும்வரை மனம் ஒட்டவில்லை. கார் ஓட்டும் கேம் என்று நினைத்துப் பத்து வயதுப் பையனிடம் கொடுக்கக் கூடியது அல்ல இது.

பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் தேவை. ஸ்டார்ட், செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், பேமிலி என்று சென்று அதை உருவாக்கி, வயது வரம்பையும் நேர வரம்பையும் அமைக்கலாம். ஆன்லைன் பகுதியில் ஷார்க் கார்ட் என்ற பெயரில் விளையாட்டுப் பணத்தை நிஜப் பணத்திற்கு விற்கிறார்கள். உங்கள் வங்கிக் கார்ட் எண்ணைத் தளத்தில் சேமித்து வைக்காதீர்கள்.

அமைப்பைப் போட்டுப் பூட்டுவதோடு நிற்காமல் ஏன் வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். பள்ளியில் நண்பர்கள் இதைப் பற்றிப் பேசத்தான் செய்வார்கள். "உனக்கு 18 ஆனதும் விளையாடலாம், அதுவரை கார் பந்தய கேம் ஒன்று வாங்கித் தருகிறேன்" என்பது தடையை விட நன்றாக வேலை செய்யும்.

வாங்கலாமா?

வயது வந்தவர், இதுவரை இதை விளையாடாதவர், தனி கிராபிக்ஸ் கார்டும் எஸ்.எஸ்.டி.யும் வைத்திருப்பவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். குறைந்தபட்சப் பட்டியலை மட்டும் தொடுபவர்கள் ரே டிரேசிங் இல்லாமல் விளையாடலாம், கதை ஒன்றுதான். தனி கார்ட் இல்லாதவர்கள் பழைய லெகஸி பதிப்பைக் குறைந்த செட்டிங்கில் முயன்று பார்க்கலாம். இந்த ஒரு கேமுக்காக மட்டும் கார்ட், எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். என்று எல்லாவற்றையும் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கம்ப்யூட்டரே இனிமேல்தான் வாங்கப் போகிறீர்களா? கடையில் "ஜி.டி.ஏ. ஓடுமா?" என்று கேட்காதீர்கள். மேலே சொன்னபடி டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டெடிகேட்டட் மெமரி எவ்வளவு, டிஸ்க் எந்த வகை என்று இரண்டையும் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு பணத்தைக் கொடுங்கள்.